நெப்டியூனில் கிசுகிசுத்தவர்

1. “அது யாரு?”

படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் ராகவன் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கையில் இருந்த காபி டம்ளரைத் திரையை நோக்கி நீட்டினார்.

“நிறுத்துங்கோ! அது யாரு?”

திரையில் ஒரு விண்வெளிக் கப்பல். அதற்குள் கேப்டன் விக்ரமன், அதாவது இளம் வயது ராகவன் சார். அவர் தோளுக்குப் பின்னால் ஊதா நிறத்தில், ஒற்றைக் கண்ணோடு, நுங்கு போலத் தளதளவென்று ஓர் உருவம் மிதந்துகொண்டிருந்தது.

“அதுதான் சார் முன்னோசை,” என்றேன்.

“எது?”

“முன்னோசை. நெப்டியூன் கிரகத்து ஜீவன். நடக்கப் போறது எல்லாம் அதுக்கு முன்கூட்டியே தெரியும். கேப்டன் என்ன பேசப்போறார்னு கேப்டனுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அது சொல்லிடும்.”

அந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. நிஜ நுங்கு ஒன்றை மேஜையில் வைத்து, விரலால் தட்டித் தட்டி, அது ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அனிமேட் செய்திருந்தேன். வேலை முடிந்ததும் நுங்கை நானும் சவுண்டு பார்க்கும் ரியாஸ் அண்ணனும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

ராகவன் சார் எங்கள் முதலாளி ஆரோக்கியம் சாரைப் பார்த்தார். ஆரோக்கியம் சார் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

“அது ஜீவன் இல்லேம்மா,” என்றார் ராகவன் சார். “அது சேஷாத்ரி.”

எங்கள் ஸ்டூடியோவில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இந்தக் கதையை யாரிடமாவது கேட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். ரியாஸ் அண்ணன் சொல்லும்போது எல்லாத் தப்பும் என்னுடையதாகிவிடுகிறது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. ஒரு கேசட், மூன்று போட்டோ

எனக்கு மருங்காபுரிப் பக்கம். மானாவாரிக் கடலைக்காடு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். காலேஜுக்குள் போன முதல் ஆளும் நான்தான். என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், அப்பா “கம்ப்யூட்டர்ல பொம்மைக்கு நடக்கச் சொல்லிக் குடுக்குது” என்பார். நான் அதைத் திருத்துவதில்லை. ஓர் உருவத்தை எட்டு வைத்து நடக்கவைக்கும் வாக் சைக்கிள் செய்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

ஸ்டூடியோ அப்போது திருச்சி கே.கே. நகரில், ஒரு மிக்ஸி கிரைண்டர் சர்வீஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே அண்ணன் மிக்ஸியை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மேஜை அதிரும். துணிக்கடை விளம்பரம், கல்யாணத்துக்கு முன்னால் திரையில் போடும் மணமக்கள் கார்ட்டூன், இப்படித்தான் வேலை வரும்.

அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வீடியோ காலில் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். அவருடைய அப்பா ராகவனுக்கு எண்பது வயது நிறைந்து சதாபிஷேகம் வருகிறதாம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தபோது நண்பர்களோடு சேர்ந்து நாடகம் போட்டவர். அவர்கள் போட்டதிலேயே பேர் வாங்கியது ‘நெப்டியூன் மாப்பிள்ளை’ என்ற விஞ்ஞான நாடகம். ஸ்ரீரங்கத்து விஞ்ஞானி ஒருவர் ராக்கெட்டில் நெப்டியூனுக்குப் போக, அந்தக் கிரகத்து ராஜா தன் பெண்ணை அவருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிற கதை.

“அதை அப்படியே அனிமேஷன்ல திரும்பக் கொண்டு வரணும். சதாபிஷேகத்தன்னிக்கு சாயங்காலம் மண்டபத்துல போடணும். அப்பாவுக்கு சர்ப்ரைஸ். அதனால அவர்கிட்டயோ அவர் ஃப்ரெண்ட்ஸ்கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுடாதீங்க,” என்றார் மகன்.

கேட்கக் கூடாது என்ற இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எழுதி வைத்த நாடகப் பிரதி கிடையாது. எங்கள் கைக்கு வந்தவை மேடையில் ஓரமாக மைக் வைத்துப் பதிவு செய்த ஒரு கேசட், மூன்று கறுப்பு வெள்ளைப் போட்டோ. அவ்வளவுதான்.

ஆரோக்கியம் சார் என்னைக் கூப்பிட்டார்.

“செல்லாயி, இது முழுக்க உன் பொறுப்பு. நல்லபடியா முடிச்சுக் குடுத்தா டைட்டில்ல ‘இயக்கம்’னு உன் பேரு. தனி கார்டு.”

தனி கார்டு என்றால் திரை முழுவதும் ஒரே ஒருவர் பெயர். அதுவரை நான் செய்த எல்லாப் படங்களிலும் என் பெயர் ‘மற்றும் குழுவினர்’.

“ஆனா செல்லாயிங்கறது கொஞ்சம் பழசா இருக்கேம்மா. ‘செல்லி’ன்னு போடலாமா? ஸ்டைலா இருக்கும்.”

“வேணாம் சார். ஒண்ணாப்புலேர்ந்து டிகிரி வரைக்கும் எல்லா சர்டிபிகேட்லயும் ப. செல்லாயிதான். எங்க வீட்ல வேற யாருக்கும் சர்டிபிகேட்டே கிடையாது. அந்தப் பேருதான் வரணும்.”

“சரிம்மா, சரி. முதல்ல படம் வரட்டும்.”

3. எக்கோ பின்னால்தானே வரும்?

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஹெட்போனில் கேட்டோம். கேப்டன் விக்ரமனின் குரல் தூரத்தில் கம்பீரமாகக் கேட்டது. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால், காதுக்கு மிக அருகில், இன்னொரு குரல் கிசுகிசுத்தது.

“விஞ்ஞானம் என்பது ஒரு விளக்கு.”

உடனே கேப்டன் முழங்குவார்: “விஞ்ஞானம் என்பது ஒரு விளக்கு!”

“எக்கோவா இருக்கும்,” என்றேன்.

ரியாஸ் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எக்கோ பின்னாடி வரும் செல்லாயி. இது முன்னாடி வருது.”

அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் வேறு யோசனையே ஓடவில்லை. கேட்கக் கேட்க அந்தக் குரல் எங்களை அசத்தியது. ராக்கெட் கிளம்புகிற காட்சியில் அது, “இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்போ!” என்றது. அந்த நொடியில் டமால் என்று வெடித்து ராக்கெட் கிளம்பியது. இன்னோர் இடத்தில் “சத்தமா, சத்தமா” என்றது. கேப்டன் குரலை உயர்த்தினார். எல்லாவற்றுக்கும் மேல் ஓர் இடம். கேப்டன் அப்போதுதான் நெப்டியூனில் கால் வைத்திருக்கிறார். பெண்ணையும் பார்க்கவில்லை, ராஜாவையும் பார்க்கவில்லை. “இனி நான் பூமிக்குத் திரும்புகிறேன்!” என்று ஆரம்பிக்கிறார். அந்தக் குரல் சீறுகிறது: “முட்டாள், அது கல்யாணத்துக்கு அப்புறம்!”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்யாணப் பேச்சே எடுக்காத நேரத்தில் கல்யாணம் நடக்கும் என்று ஒரு ஜீவன் சொல்கிறது. கேப்டன் அதைக் கேட்டுத் திகைத்துப்போய்க் கொஞ்ச நேரம் மௌனமாகிறார். ரயில்வேக்காரர்கள் அந்தக் காலத்தில் இப்படி ஒரு கதை யோசித்திருக்கிறார்களே என்று அசந்துபோனேன். அதற்கு முன்னோசை என்று பெயர் வைத்தேன்.

இதைப் படிக்கிற பலருக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் பார்த்த நாடகமெல்லாம் எங்கள் ஊர்த் திருவிழா நாடகம். விடிய விடிய நடக்கும். ராஜா வேஷக்காரர் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் பாட்டும் வசனமுமாகக் கொட்டுவார். திரைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பார் என்பது நான் கேள்விப்படாத விஷயம். ரியாஸ் அண்ணன் நாடகமே பார்த்ததில்லை.

போட்டோக்களையும் இதே மாதிரிதான் ஆராய்ச்சி செய்தோம். நெப்டியூன் ராஜா நெஞ்சில் இட்லித் தட்டுகளைக் கவசமாகக் கட்டியிருந்தார். குழிகளின் ஆழம் மாறாமல் மாடல் செய்தேன். ராஜாவின் பெண் எல்லாப் போட்டோவிலும் பனையோலை விசிறியால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். “அந்தக் காத்துல மூச்சு விட முடியாது. அது சுவாசக் கருவி,” என்று ரியாஸ் அண்ணன் கண்டுபிடித்தார். விசிறிக்கு ஓரத்தில் சின்னதாக நீல விளக்கு பொருத்தினேன்.

4. எங்கள் ஊர் நடிகர்கள்

சர்ப்ரைஸ் எங்கள் பக்கத்திலிருந்து கசியவில்லை. மண்டபத்தில் புரொஜெக்டர் எங்கே வைக்கலாம் என்று மகன் தன் அம்மாவிடம் போனில் கேட்க, போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அடுத்த வாரமே ராகவன் சார் ஆட்டோ பிடித்து கே.கே. நகருக்கு வந்துவிட்டார். பட்டு அங்கவஸ்திரம், கையில் சொந்த பிளாஸ்க், அதிலிருந்து டம்ளரில் ஊற்றிய சொந்தக் காபி. அப்படி வந்தவர்தான் முதலில் சொன்னபடி எழுந்து நின்றார்.

“சேஷாத்ரி எங்களோட ப்ராம்ப்டர். மேடை ஓரத்துல, விங்ஸ்ல மறைவா உக்காந்து வசனம் எடுத்துக் குடுப்பான். அவன் பக்கத்துல மைக்கை வெச்சுட்டா அவன் குரல்தானே விழும்? இது தெரியாதா உங்களுக்கு?”

“எல்லா வசனத்துக்குமா சார்?”

“எல்லாத்துக்கும்தான். அதுக்குத்தானே ப்ராம்ப்டர்?”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எங்க ஊர்ல நடிக்கறவங்களுக்கு வசனம் தெரியும் சார்.”

மேஜைக்கு அடியில் ஆரோக்கியம் சார் என் காலை மிதித்தார்.

“அப்ப அந்த விசிறி?” என்று ரியாஸ் அண்ணன் பேச்சை மாற்றினார்.

“பெண் வேஷம் போட்டவன் மீசையை எடுக்க மாட்டேன்னுட்டான். விசிறியால மறைச்சுண்டான். அதுக்கு எதுக்குடாப்பா விளக்கு?”

கடைசியில் ராகவன் சார் தீர்ப்புச் சொன்னார். இட்லித் தட்டு பிரமாதம். விசிறி விளக்கு இருக்கட்டும். ஆனால் அந்த ஊதா உருவமும் அதன் குரலும் போய்விட வேண்டும். “மேடைக்கே வராதவன் படத்துல என் தோள்மேல உக்காந்துண்டு இருக்கான்! ஊரே சிரிக்கும்.”

அவர் போனதும் ஆரோக்கியம் சார் சொன்னார்: “செல்லாயி, அவர் தலையாட்டினாத்தான் உன் தனி கார்டு. இல்லைன்னா வழக்கம்போல குழுவினர்தான்.”

முன்னோசையை அழிப்பது சுலபம். அதைத் தனி அடுக்கில் வரைந்திருந்தேன்; அந்த லேயரை அணைத்தால் போதும். குரலை அழிப்பதுதான் முடியவில்லை. ரியாஸ் அண்ணன் ஏதேதோ சாஃப்ட்வேர் போட்டுப் பிரித்துப் பார்த்தார். அருகில் இருந்த கிசுகிசுப்பை எடுத்தால் தூரத்தில் இருந்த கேப்டனும் கூடவே போனார். மிஞ்சியது பார்வையாளர்களின் இருமல் மட்டும்.

“ஒரே வழிதான். திரும்ப டப்பிங்,” என்றார்.

5. விஞ்ஞானம் என்பது...

எங்கள் டப்பிங் ரூம் என்பது பழைய ஸ்டோர் ரூம். சுவரெல்லாம் முட்டை அட்டை. கீழே மிக்ஸிக்காரர் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் பதிவு செய்ய முடியும். அந்த நேரத்துக்கு ராகவன் சாரை வரச்சொன்னோம். மைக் முன்னால் நிமிர்ந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

“விஞ்ஞானம் என்பது...”

காத்திருந்தோம்.

“விஞ்ஞானம் என்பது...”

கேசட்டைக் கேட்டு நான் டைப் செய்திருந்த தாளை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை.

“பேப்பரைப் பார்த்துப் படிக்கறது ரேடியோக்காரா வேலை. நான் நடிகன்.”

“அப்ப எப்படி சார்?”

கூரையைப் பார்த்தார், பிளாஸ்க்கைப் பார்த்தார், பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: “சேஷாத்ரியைக் கூப்பிடணும்.”

“கூப்பிடுங்க சார்.”

“நாங்க பேசிக்கறதில்லை.”

இருவரும் ஸ்ரீரங்கத்தில் அடுத்தடுத்த வீதி. தினமும் காலையில் ஒரே கடையில், ஒரே பெஞ்சில் காபி. ஆனால் நேர்ப்பேச்சு கிடையாது. “அந்தப் பேப்பரை இந்தப் பக்கம் தரச் சொல்லு” என்று காபிக்கடைக்காரர் வழியாகத்தான் சொல்லிக்கொள்வார்களாம். காரணம் கேட்டேன். நாடகத்தின் கடைசி ஆட்டத்தில் ராகவன் சாருக்கு மெடல் கொடுத்தார்கள். அவர் மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். லைட் போட்டவர், சோடா வாங்கி வந்தவர், நடுவில் மேடைக்கு வந்து குரைத்த நாய், எல்லோருக்கும். சேஷாத்ரி சாரை விட்டுவிட்டார்.

“வேணும்னு விடலை. எல்லார் பேரையும் அவன்தான் உள்ளேருந்து எடுத்துக் குடுத்தான். தன் பேரை மட்டும் எடுத்துக் குடுக்கலை. அது என் தப்பா?” என்றார் ராகவன் சார்.

6. பாதிக் கண்ணாடி

சேஷாத்ரி சார் வீட்டுக் கதவைத் தட்டியது நான்தான். ஒல்லியாக, தடித்த மூக்குக்கண்ணாடியோடு ஒருவர் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ராகவனுக்கு வசனம் வரலையா?”

“வரலை சார்.”

“ஒரு வரிகூடவா?”

“‘விஞ்ஞானம் என்பது’ வரைக்கும் வந்தது சார்.”

அவர் முகம், வைகுண்ட ஏகாதசி அன்று சொர்க்கவாசல் திறந்தது போல ஆகிவிட்டது. உள்ளே திரும்பி, “அடியே, ரெண்டு காபி போடு! ராகவனுக்கு இன்னும் வசனம் வரலையாம்!” என்று கத்தினார்.

காபி வந்தது. பிறகு அவர் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். தன் குரல் ஓர் ஊதா நுங்கிலிருந்து வருவதை அவர் மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். “முட்டாள், அது கல்யாணத்துக்கு அப்புறம்” வந்தபோது மட்டும் தலையை ஆட்டினார். முடிந்ததும் கேட்டார்:

“எனக்கு ஒத்தைக் கண்ணா?”

“நான் உங்களைப் பார்த்ததில்லையே சார்.”

“யாருமேதான் பார்த்ததில்லை. பரவாயில்லை.” கொஞ்சம் யோசித்தார். “கண்ணாடி ஒண்ணு போட்டுவிடு. அப்பவே எனக்குப் பவர் ஜாஸ்தி.”

“ஒத்தைக் கண்ணுக்கு எப்படி சார்?”

“பாதிக் கண்ணாடி போடு. ஆனா ஒண்ணு. நான் டப்பிங்குக்கு வரணும்னா இந்த நுங்கு படத்துல இருக்கணும்.”

“ஆகட்டும் சார்,” என்றேன்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் ஆரோக்கியம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “எடுத்துடறேன்னு அவர்கிட்ட ஆகட்டும், இருக்கும்னு இவர்கிட்ட ஆகட்டும். எப்படிம்மா?”

“கஸ்டமர்கிட்ட முடியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் முதல் நாளே சொன்னீங்க?”

“அது ஒரு கஸ்டமருக்கு. ரெண்டு கஸ்டமர் சண்டைக்கு இல்ல.”

7. மேலே சொல்லு

ரியாஸ் அண்ணன் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார். ராகவன் சார் முட்டை அட்டை அறைக்குள், காதில் ஹெட்போன். சேஷாத்ரி சார் வெளியே எங்களோடு. கையில் தனி மைக், முன்னால் நான் டைப் செய்த தாள். அதையும் அவர் பார்க்கவில்லை; மொத்த நாடகமும் அவருக்கு மனப்பாடம். இவர் கிசுகிசுப்பது அவர் காதுக்கு மட்டும் கேட்கும், பதிவில் விழாது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு சேஷாத்ரி சார் ராகவன் சாரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை ‘விஞ்ஞானம்’.

ராகவன் சார் பிடித்துக்கொண்டார். என்ன குரல்! முட்டை அட்டை அதிர்ந்தது. கைகால்களை வீசி, ஒரே மூச்சில் நாடகம் முழுவதையும் பேசி முடித்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். “டாக்டர் என்னை இரைஞ்சு பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். இனிமே ஒரு வரி பேச மாட்டேன்,” என்று ஆட்டோ ஏறிவிட்டார்.

பிறகுதான் நாங்கள் பதிவைப் போட்டுக் கேட்டோம்.

“விஞ்ஞானம் என்பது... ம், மேல சொல்லு... ஒரு விளக்கு! அந்த விளக்கை ஏந்தி நான்... மெதுவாச் சொல்லேண்டா... நெப்டியூனுக்குப் புறப்படுகிறேன்! சரியா வந்துதா?”

கடைசி வரைக்கும் இப்படித்தான். ஹெட்போன் போட்டிருந்ததால் தான் இடையிடையே கேட்பதும் பதிவில் விழுகிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. ரியாஸ் அண்ணன் நடுவில் வந்ததையெல்லாம் வெட்டிப் பார்த்தார். கேப்டனுக்கு விக்கல் வந்த மாதிரி ஆயிற்று. திரும்பப் பேச அவர் வரமாட்டார். சதாபிஷேகத்துக்கு மண்டபத்தில் பந்தலே போட ஆரம்பித்துவிட்டார்கள்.

முன்னோசையை அணைத்து, புதுக் குரலைப் பொருத்தி, வாயசைவுக்கு லிப் சிங்க் செய்து, அவர் கேட்டபடியே படத்தைத் தயார் செய்தேன். இரண்டு பெரியவர்களையும் வரவழைத்தோம். இரண்டு தனித்தனி ஆட்டோவில் வந்து, இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

திரையில் கேப்டன் விக்ரமன் ஆளில்லாத கப்பலில் நின்று, வெற்றுக் காற்றைப் பார்த்து, “ம், மேல சொல்லு... மெதுவாச் சொல்லேண்டா... சரியா வந்துதா?” என்று கேட்டுக்கொண்டே நெப்டியூனுக்குப் போனார்.

ராகவன் சார் முகம் சுருங்கியது. “யார்கிட்ட பேசறான் இவன்? பைத்தியம் பிடிச்சவன் மாதிரி இருக்கே!”

ஆரோக்கியம் சார் மின்விசிறியைப் பார்த்தார்.

“சேஷாத்ரி சார்கிட்டதான் பேசறீங்க,” என்றேன். “அவரைத்தான் எடுத்துட்டோமே.”

கீழே மிக்ஸி ஒன்று சுற்றி நின்றது. ராகவன் சார் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த ஊதாவைத் திருப்பிப் போடும்மா.”

இன்னோர் ஓரத்திலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், சேஷாத்ரி சார் சொன்னார்: “கண்ணாடியோட.”

திருப்பிப் போடும்போதுதான் தெரிந்தது, சேஷாத்ரி சார் ஹெட்போனில் கிசுகிசுத்ததையும் ரியாஸ் அண்ணன் தனி டிராக்கில் பதிவு செய்து வைத்திருக்கிறார் என்று. ஏன் என்று கேட்டேன். “மனசு கேக்கல,” என்றார்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். முப்பது வயது முகத்துக்கு எண்பது வயதுக் குரல். பூமியில் நடக்கும் காட்சிகளுக்குக் கேசட் குரலையே வைத்தோம். நெப்டியூனில் இறங்கும்போது கேப்டனுக்குத் தலை நரைத்திருக்கும்; அங்கிருந்து புதுக் குரல், ‘முட்டாள்’ என்று சீறும் இடம் மட்டும் கேசட்டில் இருந்தபடியே. இது தப்பில்லையா என்று ஆரோக்கியம் சார் பயந்தார். “நெப்டியூன் எவ்வளவு தூரம் தெரியுமோ? விஞ்ஞானப்படி இதுதான் சரி,” என்றார் சேஷாத்ரி சார். ராகவன் சாரும் தலையாட்டினார். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டியதை நான் குறித்துக்கொண்டேன். என் தனி கார்டு உறுதியாயிற்று.

8. இலை போட்டாச்சு

சதாபிஷேகத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் வரச்சொன்னேன். மருங்காபுரியிலிருந்து பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஒரு பை நிறையக் கடலையோடு வந்தார்கள். பட்டுப்புடவைகளுக்கும் பஞ்சகச்சங்களுக்கும் நடுவே நாலாவது வரிசையில் உட்காரவைத்தேன்.

“படம் முடிஞ்சதும் முழுத் திரைக்கும் என் பேரு வரும்,” என்று சொல்லிவைத்தேன். இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

படம் ஓடியது. இட்லித் தட்டு ராஜாவுக்குக் கைதட்டல். விசிறியில் நீல விளக்கு எரிந்தபோது, பெண் வேஷம் போட்டவரின் பேத்தி “எங்க தாத்தா!” என்று கத்தினாள். முன்னோசை பாதிக் கண்ணாடியோடு மிதந்து வந்ததும் குழந்தைகளெல்லாம் முன்னால் ஓடிவந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அது கிசுகிசுக்க, அதற்குப் பின் கேப்டன் முழங்க, அவர்களும் கூடவே முழங்கினார்கள். “முட்டாள், அது கல்யாணத்துக்கு அப்புறம்!” என்றதும் மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ஊரே சிரிக்கும் என்று ராகவன் சார் சொன்னது பலித்தது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்தது. திரை கறுத்தது. என் கார்டு வரும் நேரம். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இலை போட்டாச்சு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

யாரோ மண்டபத்தின் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டார்கள். திரை பளீரென்று வெளுத்தது. அதில் என் பெயர் இருந்திருக்கும். பாலில் எழுதிய பால் மாதிரி இருந்திருக்கும். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன.

“வந்துருச்சா தாயி?” என்றார் அப்பா, திரையை உற்றுப் பார்த்தபடி.

நான் விளக்குச் சுவிட்ச் எங்கே என்று தேடி எழுந்து நின்றேன்.

அப்போது ராகவன் சார் மைக்கை வாங்கிவிட்டார். “உக்காருங்கோ, உக்காருங்கோ! சாம்பார் எங்கேயும் போயிடாது.”

மகனுக்கு நன்றி சொன்னார். மருமகளுக்கு, சமையல்காரருக்கு, ஆரோக்கியம் சாருக்கு, ரியாஸ் அண்ணனுக்கு. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “இந்தப் படத்தை எடுத்த டைரக்டர், அதோ நிக்கற குழந்தை, அவ பேரு...”

நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

முதல் வரிசையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு. பழக்கதோஷத்தில் சரியான அளவு சத்தம்; மைக் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

“செல்லாயி.”

“செல்லாயி!” என்று முழங்கினார் ராகவன் சார்.

குழந்தைகளும் சேர்ந்து முழங்கினார்கள். ஒரு தடவை கிசுகிசுப்பாக, ஒரு தடவை முழக்கமாக, ஒரு தடவை கூட்டமாக. திரையில் வந்திருந்தால் அம்மாவும் அப்பாவும் அதைப் படித்திருக்க முடியாது. இதை முழுசாகக் கேட்டார்கள்.

ராகவன் சார் மைக்கைக் கொடுக்கவில்லை. “கடைசியா, இந்த நாடகம் முழுக்க என் தோளுக்குப் பின்னாடி இருந்த...”

மறுபடி நின்றார். முதல் வரிசையைப் பார்த்தார். சேஷாத்ரி சார் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தார். கொடுப்பதாக இல்லை. சமையல்காரர் கரண்டியோடு வாசலில் நின்றார். குழந்தைகள் முழங்கத் தயாராக மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

“சேஷாத்ரி,” என்றார் ராகவன் சார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

சேஷாத்ரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “பரவாயில்லை. ஒரு வரி பாடம் பண்ணியிருக்கான்.”

பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை. “ரசத்தை இந்தப் பக்கம் கொண்டுவரச் சொல்லு” என்று ராகவன் சார் பரிமாறுகிறவரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டு, நினைப்பு வந்து நேராகத் திரும்பி, “உனக்கு ரசம் வேணுமாடா?” என்றார்.

அம்மா சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள்: “எதுக்கு உம் பேர ரெண்டு ரெண்டு தடவ சொல்றாங்க?”

“முதல்ல சொல்றவருக்குத்தாம்மா பேரு தெரியும். ரெண்டாவது சொல்றவருக்குக் குரல் இருக்கு.”

“நல்ல ஏற்பாடுதான்,” என்றாள் அம்மா.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய ஒலிப்பதிவு எது வந்தாலும், ஒவ்வொரு குரலும் யாருடையது என்று கேட்டுவிட்டுப் பென்சிலைத் தொடுங்கள். சர்ப்ரைஸ் என்று சொல்லி வாயைக் கட்டும் கஸ்டமரிடம் வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். இத்தனைக்கும் பிறகு தப்பாக வரைந்துவிட்டால், அந்த லேயரை உடனே அழித்துவிடாதீர்கள். அணைத்து மட்டும் வையுங்கள். யாராவது திரும்பக் கேட்பார்கள். கடைசியாக ஒன்று. உங்கள் பெயர்க் கார்டைப் படத்தின் முடிவில் வைக்காதீர்கள், ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். அப்போதுதான் இலை போட்டிருக்க மாட்டார்கள்.

ப. செல்லாயி
இயக்குநர்